விண்கலக் கேமராவால் விண்வெளிக் குப்பையைப் பின்தொடர்ந்து பட்டியலிடுவது எப்படி

விண்வெளிக் குப்பை ஒன்றைப் படத்தில் பிடிப்பது ஒரு வேலை; அதைப் பட்டியலில் ஏற்றுவது வேறொரு வேலை. நாளை இந்நேரம் அது வானில் எங்கே இருக்கும் என்று கணித்து, அந்த இடத்தை நோக்கிக் கேமராவைத் திருப்பி, அங்கே அதை மறுபடியும் கண்ட பிறகுதான் அது பட்டியலில் இடம்பெறத் தகுதி பெறுகிறது. விண்கலத்தில் உணரி பொருத்தத் திட்டமிடும் குழுக்கள் முதல் வேலையிலேயே தங்கள் நேரத்தையும் மின்சாரத்தையும் தீர்த்துவிடும் ஆபத்து உண்டு என்பதால், இந்த வழிகாட்டி இரண்டாவது வேலையை நடுவில் வைத்து எழுதப்படுகிறது. கல்லூரி அளவிலான இயற்பியலும் ஓரளவு பைத்தான் பழக்கமும் உள்ளவர்கள் இதைப் பின்பற்ற முடியும்.

தரையிலுள்ள ரேடார்கள் தாழ் புவிச் சுற்றுப்பாதையில் ஏறத்தாழ 10 செ.மீ. அளவுள்ள பொருள்களையும், தரைத் தொலைநோக்கிகள் 36,000 கி.மீ. உயரத்திலுள்ள புவிநிலை வளையத்தில் (பூமியின் சுழற்சிக்கு ஈடாகச் சுற்றும் பொருள்களின் வளையம்) ஏறத்தாழ 1 மீட்டர் அளவுள்ளவற்றையும் வழக்கமாகத் தொடர்ந்து வருகின்றன. ஆனால் 1 செ.மீ.க்கு மேற்பட்ட துண்டுகள் பத்து லட்சத்துக்கும் அதிகம் என்று ஐரோப்பிய விண்வெளி முகமை மதிப்பிடுகிறது. தரைத் தொலைநோக்கிக்கு மேகமும் பகலும் நிலவொளியும் தடை. விண்கலத்தில் மேகமும் இல்லை, பகல் வெளிச்சத்தால் வெளுத்துப்போகும் வானமும் இல்லை. 1996இல் ஏவப்பட்ட அமெரிக்காவின் எம்எஸ்எக்ஸ் விண்கலம் 15 செ.மீ. தொலைநோக்கி ஒன்றைக் கொண்டே இது நடைமுறைக்கு ஒத்துவரும் என்று காட்டியது. 2013 பிப்ரவரி 25 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பிஎஸ்எல்வி-சி20 ஏவுகலத்தில் கனடாவின் சஃபையர், நியோசாட் என்ற இரண்டு விண்கலங்கள் சென்றன. இரண்டும் 15 செ.மீ. தொலைநோக்கி கொண்டவை. பெங்களூருவின் திகந்தரா நிறுவனம் குப்பைகளைத் தொடர்வதற்கான தன் ஸ்காட் விண்கலத்தை 2025 ஜனவரியில் அனுப்பியது.

இந்தக் கட்டுரையில் நியோசாட்டின் அளவுகளையே எடுத்துக்காட்டாகக் கையாளப்போகிறேன், ஏனெனில் அதன் படங்கள் ஃபிட்ஸ் என்ற வானியல் கோப்பு வடிவத்தில் பொதுமக்களுக்குத் திறந்து வைக்கப்பட்டுள்ளன. சொந்தமாக விண்கலம் இல்லாதவர்களும் அந்தப் படங்களைப் பதிவிறக்கிக் கீழே வரும் பெரும்பாலான படிகளைச் செய்து பார்க்கலாம். பயிற்சிக்கு அதைவிட நல்ல இடம் இல்லை என்பது என் கருத்து.

எதைத் தேடுகிறோம்?

தாழ் சுற்றுப்பாதையையும் புவிநிலை வளையத்தையும் ஒரே கேமராவால் நன்றாகப் பார்க்க முடியாது. இதை ஒரு சிறு கணக்கு தெளிவாக்கும். சூரிய ஒளியில் பத்து சதவீதத்தைத் திருப்பி அனுப்பும் 10 செ.மீ. உருண்டை ஒன்று 1,000 கி.மீ. தொலைவில், பக்கவாட்டில் வெயில் படும் நிலையில், ஏறத்தாழ 13.5 என்ற ஒளிர்வெண்ணில் தெரியும் (இந்த எண் கூடினால் பொருள் மங்கல்). அசையாத விண்மீனாக இருந்தால் இதைச் சிறு தொலைநோக்கியே எளிதாகப் பிடித்துவிடும். ஆனால் அது கேமராவுக்குக் குறுக்கே நொடிக்கு 10 கி.மீ. வேகத்தில் செல்கிறது என்றால், வானில் நொடிக்கு ஏறத்தாழ 2,060 வில்நொடி நகரும் (ஒரு வில்நொடி என்பது ஒரு பாகையில் 3,600இல் ஒரு பங்கு). நியோசாட்டில் ஒரு பிக்சல் 3 வில்நொடியை அடக்குகிறது. ஆகவே அந்த உருண்டையின் ஒளி ஒரு பிக்சலில் ஒன்றரை மில்லிநொடி மட்டுமே நின்றுவிட்டு அடுத்த பிக்சலுக்குப் போய்விடும். எக்ஸ்போஷரை, அதாவது உணரி ஒளியைச் சேர்க்கும் நேரத்தை, எவ்வளவு நீட்டினாலும் கோடுதான் நீளுமே தவிர, அதன் பொலிவு ஏறாது. பின்புல இரைச்சல்தான் ஏறும்.

அருகில் வரும் சிறு துண்டுகளுக்கும் இதே கணக்குதான். 100 கி.மீ. தொலைவில் கடக்கும் 1 செ.மீ. துண்டு, 1,000 கி.மீ. தொலைவிலுள்ள 10 செ.மீ. துண்டின் அதே ஒளிர்வெண்ணைக் காட்டும். ஆனால் பத்து மடங்கு வேகமாக நகர்வதால் ஒவ்வொரு பிக்சலிலும் பத்தில் ஒரு பங்கு ஒளியைத்தான் விட்டுச் செல்லும். எனவே தாழ் சுற்றுப்பாதைத் துண்டுகளே குறி என்றால் அகலமான பார்வைப் புலமும் பெரிய பிக்சல் கோணமும் வேகமாகப் படமெடுக்கும் உணரியும் தேவை. புவிநிலை வளையம் குறி என்றால் குறுகிய புலமும் நுண்ணிய பிக்சலும் சில நொடி எக்ஸ்போஷரும் பொருந்தும். இரண்டையும் சமரசம் செய்து ஒரு நடுத்தரக் கேமராவை அனுப்புவது, இரண்டிலும் அரைகுறையான தரவையே தரும்.

எங்கிருந்து, எந்தத் திசையில் பார்ப்பது?

நியோசாட்டும் சஃபையரும் ஏறத்தாழ 785 கி.மீ. உயரத்தில், பகலும் இரவும் சந்திக்கும் கோட்டின் மேலேயே சுற்றும் சூரிய ஒத்திசைவுப் பாதையில் இருக்கின்றன. இதில் சூரியப் பலகைகள் எப்போதும் வெயிலைப் பார்க்கலாம், தொலைநோக்கி எப்போதும் வெயிலுக்கு எதிர்த்திசையைப் பார்க்கலாம். எதிர்த்திசையில் உள்ள பொருள்கள் முழுநிலவைப் போல நேராக ஒளி பெறுவதால் மிகப் பொலிவாகத் தெரியும். ஆனால் சரியாக எதிர்ப்புள்ளியைப் பார்க்கக் கூடாது: மார்ச், செப்டம்பர் மாதங்களின் சமநாள்களை ஒட்டிப் பூமியின் நிழல் புவிநிலை வளையத்தின் மேலேயே விழுகிறது, நிழலுக்குள் புகுந்த பொருளை ஒளியியல் கேமரா காணாது. நிழலின் விளிம்பிலிருந்து சில பாகை தள்ளிப் பார்ப்பதே வழக்கம். 2017 ஆகஸ்டில் ஏவப்பட்ட அமெரிக்காவின் சென்சர்சாட் விண்கலம் வேறு வழியைத் தேர்ந்தது. அது நிலநடுக்கோட்டின் மேலேயே சுற்றி, ஒவ்வொரு சுற்றிலும் புவிநிலை வளையத்தை வருடிச் சென்றது. இருக்கும் விண்கலங்களை அடிக்கடி பார்க்க அது ஏற்றது.

பழைய குப்பைகளுக்கு இன்னொரு செய்தி உதவும். கட்டுப்பாடு இழந்த புவிநிலைப் பொருள்களின் பாதைத் தளம் சூரியன், நிலா ஆகியவற்றின் ஈர்ப்பால் சாய்ந்து, ஏறத்தாழ 15 பாகை வரை போய், 53 ஆண்டுகளில் பழைய நிலைக்குத் திரும்புகிறது. ஒரே காலத்தில் கைவிடப்பட்டவை ஏறக்குறைய ஒரே தளத்தில் இருப்பதால், அந்தத் தளங்கள் ஒன்றையொன்று வெட்டும் வானப் பகுதிகளில் அடர்த்தி கூடுதல். தேடுதலுக்கென ஒதுக்கிய நேரத்தை அங்கே செலவிட்டால் ஒரு படத்துக்குக் கிடைக்கும் பொருள்களின் எண்ணிக்கை உயரும்.

கீற்றைக் கோணமாக மாற்றுதல்

ஒரு படத்தை அருகில் வைத்துப் பார்ப்போம். விண்மீன்களை அசையாமல் நிறுத்தி 5 நொடி எக்ஸ்போஷர் எடுத்திருக்கிறோம். 1,024 பிக்சல் பக்கமுள்ள சதுரத்தில் விண்மீன்கள் புள்ளிகளாகவும், நடுவே ஒரு பொருள் 65 பிக்சல் நீளக் கோடாகவும் (இதுவே கீற்று) விழுந்திருக்கின்றன. 65 பிக்சல் என்றால் 195 வில்நொடி. நொடிக்கு 39 வில்நொடி. நம் விண்கலமே நொடிக்கு 7.5 கி.மீ. வேகத்தில் போய்க்கொண்டிருப்பதால், 40,000 கி.மீ. தொலைவிலுள்ள ஒரு பொருள் இந்த வேகத்தில் நகர்வதாகத் தோன்றுவது இயல்பு. ஆகவே இது புவிநிலைப் பொருளாக இருக்கலாம் என்ற முதல் ஊகம் கோட்டின் நீளத்திலிருந்தே கிடைத்துவிடுகிறது.

கோட்டை அளப்பதற்கு முன்னால் படத்தைச் சுத்தம் செய்ய வேண்டும். அதே வெப்பநிலையில் மூடிய நிலையில் எடுத்த இருள்படத்தைக் கழித்து, எப்போதும் எரியும் பிக்சல்களை மறைத்துவிடுங்கள். தென் அமெரிக்காவுக்கும் தென் அட்லாண்டிக் கடலுக்கும் மேலே விண்கலம் போகும்போது புரோட்டான்கள் உணரியைத் துளைத்து, குப்பையின் கீற்றைப் போன்றே கோடுகளை இடும். அந்தப் பகுதியில் எடுத்த படங்களைப் பட்டியல் வேலைக்குப் பயன்படுத்தாமல் ஒதுக்கிவிடுவதே நல்லது. மற்ற இடங்களில் ஒரு கீற்று தொடர்ந்து மூன்று படங்களிலாவது ஒரே நேர்கோட்டில், ஒரே வேகத்தில் முன்னேறினால் மட்டுமே அதை ஏற்றுக்கொள்ளுங்கள். அண்டக் கதிர் அப்படித் தொடர்ந்து வராது. தனிக் கீற்றுக்கு எது தொடக்கம், எது முடிவு என்று தெரியாது என்பதால், திசையை அறியவும் அடுத்தடுத்த படங்கள் தேவைப்படுகின்றன.

கீற்றின் இரு முனைகளும் எக்ஸ்போஷர் தொடங்கிய நேரத்துக்கும் முடிந்த நேரத்துக்கும் உரியவை. முனையை அரை பிக்சல் துல்லியத்தில் குறித்தால் 40,000 கி.மீ. தொலைவில் பிழை ஏறத்தாழ 290 மீட்டர். அடுத்து, படத்திலுள்ள விண்மீன்களை கையா விண்கலத்தின் விண்மீன் அட்டவணையோடு பொருத்தி, ஒவ்வொரு பிக்சலுக்கும் வானில் இடத்தைக் குறிக்கும் வல ஏற்றம், நடுவரை விலக்கம் ஆகிய இரண்டு ஆயங்களையும் கணக்கிடுங்கள், ஆஸ்ட்ரோமெட்ரி.நெட் போன்ற இலவச மென்பொருள்கள் இதைச் செய்துதரும்.

இந்த இடத்தில் இரண்டு திருத்தங்களை மறந்தால் மற்ற உழைப்பெல்லாம் வீணாகும். முதலாவது ஒளிப்பிறழ்ச்சி. விண்கலத்தின் சொந்த வேகத்தால் விண்மீன்களின் திசை ஏறத்தாழ 5 வில்நொடி வரையும், பூமி சூரியனைச் சுற்றும் வேகத்தால் 20.5 வில்நொடி வரையும் விலகித் தோன்றும். 5 வில்நொடி என்பது 40,000 கி.மீ. தொலைவில் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர். பூமியோடு சேர்ந்தே சூரியனைச் சுற்றும் குப்பைக்கு இந்தத் திருத்தத்தைச் செய்யும் முறை வேறு. அளவீட்டை எந்த ஆயச் சட்டகத்தில் தருகிறோம் என்பதைப் பதிவிலேயே எழுதிவிட வேண்டும். இரண்டாவது ஒளிப் பயண நேரம்: 40,000 கி.மீ. கடக்க ஒளிக்கு 0.13 நொடி ஆகும், அதற்குள் புவிநிலைப் பொருள் 400 மீட்டர் நகர்ந்துவிடும். இவற்றோடு, எக்ஸ்போஷர் நேரத்தை ஜிபிஎஸ் கடிகாரத்தோடு மில்லிநொடி அளவில் ஒத்துப்போக வைப்பதும், அந்தக் கணத்தில் நம் விண்கலம் எங்கே இருந்தது என்பதைப் பதிவு செய்வதும் கட்டாயம். நோக்குபவரின் இடம் தெரியாத கோண அளவீட்டால் எந்தப் பயனும் இல்லை.

ஏற்கெனவே தெரிந்த பொருளா?

இப்போது ஸ்பேஸ்-ட்ராக், செலஸ்ட்ராக் தளங்களில் கிடைக்கும் பொதுப் பட்டியலை எடுத்து, எஸ்ஜிபி4 கணிப்பு முறையில் ஒவ்வொரு பொருளையும் நம் படத்தின் நேரத்துக்கு நகர்த்தி, நம் விண்கலத்திலிருந்து அது எந்தத் திசையில் தெரிந்திருக்கும் என்று பாருங்கள். பொருந்துகிறதா என்று முடிவுசெய்யத் தொலைவை மட்டும் பார்க்கக் கூடாது. பாதையின் நெடுக்கே உள்ள விலகலையும் பாதைக்குக் குறுக்கே உள்ள விலகலையும் தனித்தனியே பிரிக்க வேண்டும். பழைய தரவு உள்ள பொருள் பெரும்பாலும் அதே பாதையில்தான் வரும், ஆனால் சற்று முந்தியோ பிந்தியோ வரும். தாழ் சுற்றுப்பாதையில் ஒரு நொடித் தாமதமே 7.5 கி.மீ. விலகலாகிவிடும். நெடுக்கே விலகியிருந்து, குறுக்கே ஒத்துப்போய், நகரும் வேகமும் ஒத்துப்போனால் அது அதே பொருள்தான். குறுக்கே விலகியிருந்தால் வேறொரு பொருளாகவோ, எஞ்சின் இயக்கிப் பாதை மாற்றிய விண்கலமாகவோ இருக்கலாம்.

சிதறல் கூட்டங்களில் மட்டும் இந்தச் சோதனை ஏமாற்றும். 2001 டிசம்பரில் பிஎஸ்எல்வி-சி3இன் கடைசி நிலை வெடித்து 300க்கும் மேற்பட்ட துண்டுகளானது. 2007 ஜனவரியில் சீனா தன் ஃபெங்யுன்-1சி செயற்கைக்கோளை உடைத்ததில் பட்டியலேறியவையே 3,000க்கு மேல். இத்தகைய துண்டுகள் முதல் சில வாரங்களில் ஏறக்குறைய ஒரே தளத்தில் வரிசையாகப் போவதால், ஒன்றின் அளவீட்டை இன்னொன்றின் கணக்கில் சேர்த்துவிடுவது மிக எளிது. அப்போது ஒவ்வொரு துண்டின் சுற்றுக் காலத்தையும் அதன் அதிக, குறைந்த உயரங்களையும் ஒரே வரைபடத்தில் குறியுங்கள். கபார்ட் வரைபடம் எனப்படும் இதில் ஒரே உடைவிலிருந்து வந்தவை குறுக்கிட்ட இரு கோடுகளாக அமையும். கோடுகள் வெட்டும் இடம் உடைவு நடந்த உயரத்தைச் சொல்லும். தவறாகச் சேர்த்த துண்டு அந்த உருவத்துக்கு வெளியே நிற்கும்.

முதல் பாதையும் மறுபார்வையும்

எதனோடும் பொருந்தாத தடத்துக்கு (ஒரே பொருளின் தொடர் கீற்றுகளுக்கு)ப் புதிய சுற்றுப்பாதை காண வேண்டும். 1801இல் சீரிஸ் குறுங்கோளை மீண்டும் கண்டுபிடிக்கக் கணித மேதை காஸ் கையாண்ட முறை இங்கும் உதவும். ஆனால் விண்கலத்திலிருந்து அதைப் பயன்படுத்துவோருக்கு ஒரு கண்ணி காத்திருக்கிறது. கோணங்களை மட்டும் கொடுத்தால், தொலைவு பூஜ்ஜியம் என்ற விடையும் சமன்பாடுகளை நிறைவு செய்யும். அதாவது கணினி உங்கள் சொந்த விண்கலத்தின் பாதையையே கண்டுபிடித்து, மிகச் சிறிய பிழையுடன் பெருமையாகத் தந்துவிடும். ஆகவே விடையாக வந்த பாதையை முதலில் நம் விண்கலத்தின் பாதையோடு ஒப்பிட்டு, ஒத்துப்போனால் நிராகரித்துவிடுங்கள்.

சில நிமிடத் தடத்திலிருந்து தொலைவு துல்லியமாகக் கிடைக்காது என்பதை ஏற்றுக்கொண்டே அடுத்த படியைத் திட்டமிட வேண்டும். பொருள் பூமிக்குக் கட்டுப்பட்டுச் சுற்றுகிறது, அதன் தாழ்புள்ளி வளிமண்டலத்துக்கு மேலே இருக்கிறது என்ற இரண்டு நிபந்தனைகளை வைத்தால், சாத்தியமான தொலைவுகளின் வரம்பு சுருங்கும். புவிநிலைப் பொருள் என்று ஊகித்தால் வட்டப் பாதை என்று தற்காலிகமாகக் கொள்ளலாம். இந்த வரம்புக்குள் சில நூறு மாதிரிப் பாதைகளை உருவாக்கி, அவை அனைத்தும் அடுத்த ஒரு மணி நேரத்தில் வானில் எங்கே பரவும் என்று பாருங்கள்.

விண்கலத்தின் உண்மையான வலிமை இங்கேதான் வெளிப்படுகிறது. நியோசாட் ஒரு சுற்றை ஏறத்தாழ 100 நிமிடத்தில் முடிக்கிறது. 50 நிமிடத்தில் பூமியின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போய்விடுகிறது. அந்த இரண்டு இடங்களுக்கும் இடையே ஏறத்தாழ 14,000 கி.மீ. இருப்பதால், அதே பொருளை அரைச் சுற்றுக்குப் பின் பார்த்தால் இடமாறு தோற்றம், அதாவது பார்க்கும் இடம் மாறுவதால் தோன்றும் கோண விலகல், 20 பாகைக்கு அருகில் வரும். தரைத் தொலைநோக்கிக்கு இவ்வளவு குறுகிய நேரத்தில் இந்த அடித்தளம் கிடைக்கவே கிடைக்காது. எனவே புதிய பொருளின் இரண்டாவது பார்வையை அரைச் சுற்றுக்குப் பின் வையுங்கள். அதற்காக வேறு தேடலை நிறுத்த வேண்டியிருந்தாலும் நிறுத்துங்கள். புதிதாகப் பத்துக் கீற்றுகளைச் சேர்ப்பதைவிட, கையிலிருக்கும் ஒரு கீற்றை மறுபடி பார்ப்பது பட்டியலுக்குப் பெரிய ஆதாயம். தாழ் சுற்றுப்பாதைத் துண்டு என்றால் நம் விண்கலத்துக்கே இரண்டாவது வாய்ப்பு விரைவில் வராது. அப்போது கணித்த இடத்தைத் தரை ரேடாருக்கோ இன்னொரு விண்கலத்துக்கோ உடனே தெரிவிப்பதே வழி. இரண்டு விண்கலங்கள் ஒரே நேரத்தில் பார்த்தால் முக்கோண முறையில் தொலைவு நேராகவே கிடைத்துவிடும்.

இரண்டு, மூன்று பார்வைகள் சேர்ந்ததும் அளவீடுகளோடு மிகக் குறைந்த பிழையில் ஒத்துப்போகும் பாதையைக் காணும் மீச்சிறு வர்க்க முறையில் பாதையைத் திருத்துங்கள். ஓரெகிட் என்ற திறந்த மென்பொருள் நூலகம் இதற்குப் போதுமானது. மூன்றாவது பார்வை மறுநாள், நான்காவது மூன்று நாள் கழித்து என இடைவெளியை அகட்டலாம். கணிப்பின் பிழை கேமராவின் பார்வைப் புலத்தில் பாதியைத் தாண்டாத வரைதான் அகட்டலாம். நியோசாட்டின் 0.85 பாகைப் புலம் 40,000 கி.மீ. தொலைவில் ஏறத்தாழ 590 கி.மீ. அகலம் கொண்டது.

பார்வைகள் கூடக் கூடப் பிழை குறையாமல் ஏறினால், பொருளின் பரப்பு-நிறை விகிதத்தை (நிறைக்கு எவ்வளவு பரப்பு என்பதை)ச் சந்தேகியுங்கள். பெர்ன் பல்கலைக்கழகத்தின் தாமஸ் ஷில்ட்க்னெக்ட் குழுவினர் 2004 வாக்கில் புவிநிலை உயரத்தில் கண்ட மங்கலான பொருள்கள், விண்கலங்களைப் போர்த்தும் மெல்லிய வெப்பத்தடுப்புத் தாள்களின் துண்டுகள் என்று கருதப்படுகின்றன. சூரிய ஒளியின் அழுத்தமே அவற்றின் வட்டப் பாதையைச் சில மாதங்களில் நீள்வட்டமாக இழுத்துவிடும். எஸ்ஜிபி4 முறையில் இந்த அழுத்தம் கணக்கில் இல்லை. ஆகவே பரப்பு-நிறை விகிதத்தையும் கண்டுபிடிக்க வேண்டிய ஒரு மாறியாக வைத்து, எண்முறையில் பாதையைக் கணிக்க வேண்டும்.

பதிவில் எழுத வேண்டியவை

டிஎல்இ எனப்படும் இரண்டு வரிப் பதிவு, வரிக்கு 69 இடங்களில் ஒரு பாதையைச் சுருக்கிச் சொல்கிறது; அதில் பொருள் எண்ணுக்கு ஐந்து இலக்கங்களே உண்டு, பிழையின் அளவைச் சொல்ல இடமே இல்லை. பிழை தெரியாத பட்டியல் என்ன செய்யும் என்பதற்கு 2009 பிப்ரவரி 10 சாட்சி. அன்று சைபீரியாவுக்கு மேலே ஏறத்தாழ 790 கி.மீ. உயரத்தில் இரிடியம் 33, காஸ்மாஸ் 2251 ஆகிய செயற்கைக்கோள்கள் மோதின. பொதுவெளியில் இருந்த டிஎல்இ தரவைக் கொண்டு செய்த கணிப்பு, இரண்டும் 584 மீட்டர் இடைவெளியில் கடந்துபோகும் என்றே சொல்லியிருந்தது. அந்தத் தரவின் பிழையே ஒரு கிலோமீட்டர் அளவிலானது என்பதால் 584 மீட்டர் என்ற விடையை வைத்து எவரும் ஒரு முடிவுக்கு வந்திருக்க முடியாது.

ஆகவே உங்கள் பதிவில் பாதையின் ஆறு அளவுகளோடு, அவற்றின் பிழையளவுகளைச் சொல்லும் கோவேரியன்ஸ் அணியையும் கட்டாயம் சேருங்கள். எந்த நேரத்துக்குரிய பாதை, எந்த ஆயச் சட்டகம், எத்தனை பார்வைகள், கடைசியாகக் கண்ட நேரம், பரப்பு-நிறை விகிதம், ஒளிர்வெண் எந்த அளவுக்கு ஏறி இறங்குகிறது என்பவையும் வேண்டும். ஒளிர்வெண் ஒரு சீரான இடைவெளியில் ஏறி இறங்கினால் பொருள் உருண்டு சுழல்கிறது என்று பொருள். அந்தச் சுழற்சிக் காலம் பின்னாளில் அதே பொருளை அடையாளம் காணவும் உதவும். அதிகாரப்பூர்வ எண் கிடைக்கும் வரை சொந்த முன்னெழுத்துடன் தற்காலிக எண் கொடுங்கள். அமெரிக்கப் பட்டியலில்கூட மூலம் உறுதியாகாத பொருள்களுக்கு 80000இல் தொடங்கும் எண்கள் தனியே ஒதுக்கப்பட்டுள்ளன. மூலக் கோண அளவீடுகளைப் பாதை கண்டபின் அழித்துவிடாமல், டிராக்கிங் டேட்டா மெசேஜ் என்ற பன்னாட்டு வடிவத்தில் சேமியுங்கள். வேறொரு குழுவின் பார்வைகளோடு சேர்த்து மறுபடி கணக்கிட அந்த மூலமே தேவைப்படும், தவறாகச் சேர்த்த தடத்தைப் பிரித்தெடுக்கவும் அதுவே உதவும்.

பதிவு ஏறிய பின் அதைப் பேணும் வேலை தொடர்கிறது. தாழ் சுற்றுப்பாதையில் வளிமண்டல இழுவை நாளுக்கு நாள் மாறும். 2024 மே மாதச் சூரியப் புயலைப் போன்ற நாள்களில் மேல் வளிமண்டலம் வெப்பத்தால் உப்பி, இழுவை பல மடங்கு கூடும். அத்தகைய நாள்களில் தாழ் சுற்றுப்பாதைப் பதிவுகள் அனைத்தின் பிழையளவையும் பெரிதாக்கி, சிறிய தாள் போன்ற துண்டுகளை முதலில் மறுபார்வைக்கு அனுப்புங்கள். கணிப்பின் பிழை பார்வைப் புலத்தைத் தாண்டிவிட்டால் பொருள் தொலைந்ததாகக் குறியுங்கள், ஆனால் பதிவை நீக்க வேண்டாம். ஒவ்வொரு வாரமும் பொருந்தாமல் மீதமிருக்கும் தடங்களைத் தொலைந்தவற்றின் பழைய பாதைகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். குறுக்கு விலகலும் சுழற்சிக் காலமும் ஒத்துப்போனால் பழைய எண்ணையே திரும்பக் கொடுத்து, இடைப்பட்ட காலத்தைக் காணாத காலம் என்று பதிவில் குறித்துவிட்டு, அடுத்த மறுபார்வையை அரைச் சுற்றுக்குப் பின் வையுங்கள்.